சூடான மூக்கும் ஆமை அக்காவும்

என் அக்காவுக்குத் தொழிற்சாலையில் ஆமை என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள். திரும்பக் கொஞ்சம் நேரம் ஆகும், அவ்வளவுதான். பஸ் வந்து நின்ற பிறகுதான் செருப்பைத் தேடுவாள். அவள் ஒரு டம்ளர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் நான் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, மூன்றாவது வேண்டாம் என்று முடிவும் எடுத்திருப்பேன். அவளைவிட நான் நாலு வயது இளையவன். சின்ன வயதிலிருந்து அவளுக்காகக் காத்திருந்தே என் பொறுமையெல்லாம் தீர்ந்துவிட்டது. இப்போது என்னிடம் மிச்சம் இருப்பது கோபம் மட்டும்தான்.

இப்படிப்பட்டவளுக்கு வேலை என்ன தெரியுமா? துப்பாக்கி சுடுவது. எங்கள் தொழிற்சாலை போட்டிகளுக்கான ரைபிள் செய்கிறது, குறி பார்த்துச் சுடும் கிளப்புகள் வாங்குகிற வகை. செய்து முடித்த ஒவ்வொரு ரைபிளும் பெட்டிக்குள் போவதற்கு முன் சோதனைக் கொட்டகைக்கு வந்தாக வேண்டும். கொட்டகை என்பது ஒரு நீள அறை. ஒரு பக்கச் சுவரில் ஜன்னல் அளவுக்குத் திறப்பு. அதற்கு வெளியே இரண்டு பக்கமும் மண்மேடு போட்ட நூறு மீட்டர் வெட்டவெளி. கடைசியில் டார்கெட் அட்டை. அக்கா மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஐந்து குண்டு சுடுவாள். நான் போய் அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து, ஓட்டைகளுக்கு நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து சீட்டில் எழுதுவேன். ஐந்து ஓட்டையும் ஒரு கோட்டுப் பொத்தானுக்குள் அடங்கினால் ரைபிள் பாஸ்.

அக்கா முதலில் சேர்ந்தது பேக்கிங் பிரிவில். குழலுக்கு எண்ணெய் தடவி, காகிதம் சுற்றி, பெட்டியில் படுக்கவைக்கிற வேலை. ஒரு வருடம் தொழிற்சாலை ஆண்டு விழாவில் விளையாட்டுக்கு ஏர் ரைபிள் போட்டி வைத்தார்கள். ஆளுக்கு ஐந்து குண்டு. மற்றவர்களெல்லாம் அரை நிமிடத்தில் சுட்டுவிட்டுச் சாப்பாட்டு வரிசைக்கு ஓடினார்கள். அக்கா உட்கார்ந்தாள், மூச்சை விட்டாள், கண்ணை மூடினாள், திறந்தாள். "ஆமை கூட இதுக்குள்ள ஊர் சுத்திட்டு வந்திருக்கும்," என்று யாரோ கத்தினார்கள். பெயர் அன்றைக்கு ஒட்டியது. ஆனால் அட்டையைக் கழற்றிப் பார்த்தால் ஐந்து குண்டுக்கு ஒரே ஓட்டை. நாலு குண்டு வெளியே போய்விட்டது என்று நடுவர் எழுதப் போனார். நான்தான் சண்டை போட்டு அட்டையைப் பின்பக்கம் திருப்பிக் காட்டினேன். பின்னால் வைத்திருந்த மரப்பலகையில் ஐந்து ஈயமும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தது.

அடுத்த மாதமே அவளைச் சோதனை மேசைக்கு மாற்றினார்கள். இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அக்கா விஷயத்தில் அதை நான் வெர்னியர் அளவுகோல் வைத்தே அளந்திருக்கிறேன். அந்த மேசைக்கு அவள் காட்டுகிற மரியாதையை எங்கள் மாமாவுக்கு, அதாவது அவள் கணவருக்கு, ஒருநாளும் காட்டியதில்லை. மாமா சைக்கிள் கடை வைத்திருப்பவர், தமாஷான மனிதர். "என்னை மாத்தினாலும் மாத்துவா, அந்த மேசையை மாத்த மாட்டா," என்பார்.

இனி மூக்குக்கு வருவோம். ரைபிள் குழலின் நுனியில் மாட்டுகிற எதுவானாலும் எங்கள் இடத்தில் அதற்குப் பெயர் மூக்கு. இத்தனை வருடமாக நாங்கள் மாட்டிக்கொண்டிருந்தது பிரேக் மூக்கு. அதில் இரண்டு பக்கமும் ஓட்டை இருக்கும். குண்டு போனதும் பின்னாலேயே வருகிற சூட்டுக்காற்று அந்த ஓட்டைகள் வழியாகப் பக்கவாட்டில் பாய்ந்துவிடும். சுடுபவரின் தோளில் உதை குறையும். பக்கத்தில் நிற்பவன் காது மட்டும் கிழியும். அந்தப் பக்கத்தில் நிற்பவன் நான்தான்.

போன வருடம் புதிதாக ஓர் இன்ஜினியர் வந்தார். வயது முப்பதுதான், எள் என்றால் எண்ணெயாக நிற்கிற சுறுசுறுப்பு. அவர் சைலன்சர் ஒன்றை வடிவமைத்தார், முழங்கை நீளத்துக்கு ஒரு குழாய். சூட்டுக்காற்று உள்ளே இருக்கிற அறைகளில் சுற்றிச் சுற்றி, வேகம் அடங்கி, மெதுவாக வெளியே வரும். உதையும் குறைவு, சத்தமும் குறைவு. என் காதுக்கு அவர் கடவுள் மாதிரி. அவருக்குக் குழாய் சார் என்று நான்தான் பெயர் வைத்தேன், பாசத்தோடுதான் வைத்தேன். என்ன, காற்றை உள்ளே அடக்கினால் சூடும் உள்ளேதான் தங்கும். பத்து குண்டு சுட்ட குழாயைத் தெரியாமல் தொட்டு இரண்டு விரலில் கொப்புளம் வாங்கிய முதல் ஆளும் நான்தான்.

குழாய் மாட்டினால் நுனியில் பாரம் ஏறுவதால் குண்டு இரண்டு விரற்கடை கீழே இறங்கும். அதை எல்லாரும் எதிர்பார்த்தோம், ரைபிள்மேல் இருக்கிற தொலைநோக்கியைத் திருகிச் சரிசெய்தும்விட்டோம். பிறகு குழாய் சார் சோதனை முறையை மாற்றினார். ஐந்து குண்டு போதாது, இருபது குண்டு வேண்டும், பத்து விநாடிக்கு ஒன்று வீதம். சூடேறின பிறகும் நன்றாகச் சுடுகிறதா என்று வாங்குகிறவர்கள் கேட்கிறார்களாம். அதோடு சத்தத்தை அளக்க மேசைமேல் ஒரு மீட்டர் வைத்தார். அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஆளுயர ஃபேன் ஒன்று எப்போதும் ஓடும், புகையை வெட்டவெளிக்குத் தள்ளுவதற்காக. அந்த ஃபேன் சத்தம் மீட்டரில் ஏறுகிறது என்று அதை நிறுத்தச் சொன்னார்.

அன்றிலிருந்து அக்காவின் அட்டைகள் கெட்டுப்போயின. முதல் மூன்று குண்டு பொத்தானுக்குள் இருக்கும். அதற்குப் பிறகு ஒன்று மேலே, ஒன்று இடது, ஒன்று எங்கேயோ. இருபது முடியும்போது அட்டையில் அம்மை போட்ட மாதிரி இருக்கும். அளந்து பார்த்தேன். ஒரு மில்லிமீட்டராவது குறைத்து எழுதலாமா என்று நினைத்தேன். அக்கா முறைத்தாள், உள்ளதை எழுதினேன்.

"டார்கெட் தண்ணிக்குள்ள கிடக்குற மாதிரி நெளியுது சார்," என்று ஒருநாள் குழாய் சாரிடம் சொன்னாள்.

அவர் சிரித்தார். "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னு சொன்னாளாம். அட்டை எப்படிம்மா நெளியும்? அது ஆணி அடிச்சு நிக்குது."

நியாயமாகச் சொல்ல வேண்டும், அவர் சும்மா பழி போடுகிற ஆள் கிடையாது. ரைபிளைத் தூக்கி, மேசையில் பதித்த வைஸ் என்கிற இரும்புப் பிடிப்பானில் இறுக்கிக் கட்டினார். ஆள் தொடாமல், விசையைக் கயிறு கட்டி இழுத்து, அதே குழாயோடு இருபது குண்டு சுட்டார். இருபதும் ஒரு பாட்டில் மூடிக்குள் அடங்கின. ரைபிள் நன்றாக இருக்கிறது, குழாய் நன்றாக இருக்கிறது, குண்டும் நன்றாக இருக்கிறது. மிச்சம் இருப்பது அக்கா ஒருத்திதான்.

மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர், அதனால்தான் அதிகமாக வலித்தது. "வயசானா கண்ணு தளரத்தான் செய்யும். ஒண்ணாம் தேதியிலேருந்து பேக்கிங்குக்குப் போயிடுங்கம்மா. சம்பளத்துல எதுவும் குறையாது," என்றார். அக்கா சரி சார் என்று சொல்லிவிட்டு வந்து மேசையைத் துடைத்தாள். தினமும் துடைப்பவள்தான். அன்றைக்கு ரொம்ப நேரம் துடைத்தாள்.

மறுநாளே அவளைக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் சுவரில் தொங்கிய எழுத்து அட்டையைக் காட்டி, கடைசி வரியை வாசிக்கச் சொன்னார். அக்கா பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தெரியலையாம்மா?" என்றார் டாக்டர்.

"தெரியுது டாக்டர். அவசரம் என்ன?" என்றவள் கடைசி வரியை வாசித்தாள். அதற்குக் கீழே, ஓரத்தில், எறும்பு எழுத்தில் இருந்த அச்சகத்தின் முகவரியையும் சேர்த்து வாசித்தாள். டாக்டர் எழுந்து அட்டைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து சரிபார்த்தார்.

"இந்தக் கண்ணை எனக்குக் கொடுத்துட்டுப் போறீங்களா?" என்றார்.

வெளியே வந்ததும் நான் குதிக்காத குறை. அக்கா முகத்தில் ஈயாடவில்லை. பஸ்ஸில் நாலு நிறுத்தம் தாண்டிய பிறகு சொன்னாள்: "கண்ணு தளர்ந்திருந்தா ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கலாம்டா. கண்ணு நல்லா இருக்குன்னா அப்ப கோளாறு மூளையிலதான். அதுக்கு எந்தக் கடையில கண்ணாடி விக்கிறான்?"

அன்று இரவு அவளே ஒரு கடிதம் எழுதினாள். என்னால் இப்போது சரியாகச் சுட முடியவில்லை, நானே விரும்பிப் பேக்கிங் பிரிவுக்கு மாறிக்கொள்கிறேன், தயவுசெய்து அனுமதிக்கவும். மற்றவர்கள் தள்ளி இறங்குவதைவிடத் தானே இறங்குவது மேல் என்று நினைத்தாள். காலையில் நாலாக மடித்து என் கையில் கொடுத்து மேனேஜரிடம் சேர்க்கச் சொன்னாள். எதற்கெடுத்தாலும் ஓடுகிற நான், அந்த ஒரு கடிதத்தை நாள்கணக்காகச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். தினமும் சட்டையை மாற்றினேன், கடிதத்தையும் மாற்றினேன். மேனேஜர் அறை எங்கள் கொட்டகைக்கு அடுத்த கதவு.

டாக்டரிடம் போய்வந்த பிறகு அக்காவுக்கு ஒரு வியாதி பிடித்தது. வீட்டில் எங்கே நின்றாலும் அடுப்புக்குப் பின்சுவரில் தொங்கிய காலண்டரை வாசித்துப் பார்ப்பாள். கூடத்திலிருந்து ஒரு தடவை, வாசலிலிருந்து ஒரு தடவை, துணி மடித்துக்கொண்டே ஒரு தடவை. மூன்றாம் நாள் சாயங்காலம் நான் போயிருந்தேன். மாமா முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். அக்கா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து காலண்டரைப் பார்த்தவள் திடீரென்று எழுந்தாள்.

"எட்டு ஏன் நெளியுது?" என்றாள்.

மாமா தோசைத் திருப்பியோடு திரும்பினார். "எந்த எட்டு?"

"காலண்டர்ல இருக்கிற எட்டு. பதினெட்டும் நெளியுது. ஒண்ணாம் தேதி நேரா நிக்குது. அடுப்பை அணைங்க."

மாமா அணைத்தார். எட்டு நெளிந்துகொண்டேயிருந்தது. நானும் அவள் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். சட்டிக்கு மேலே தெரிகிற எண்களெல்லாம் நீச்சல் அடித்துக்கொண்டிருந்தன.

"இப்ப சட்டியைத் தூக்குங்க. அந்தப் பக்கம். இன்னும் கொஞ்சம்."

சட்டி போனதும் எட்டு நேரானது. திரும்பக் கொண்டுவந்ததும் ஆடியது. அக்கா மாமாவை அந்தச் சட்டியோடு சமையலறை முழுக்க நடத்தினாள். மேலே தூக்குங்கள், கீழே இறக்குங்கள், என் மூக்குக்கு முன்னால் பிடியுங்கள். மாமா கை வலிக்க வலிக்கப் பிடித்தார். சட்டிச் சூட்டிலேயே முட்டை கரிந்துபோய்விட்டது.

"உனக்குப் பசிக்கலையா? இல்ல, எனக்குத்தான் பசிக்கக் கூடாதா?" என்றார்.

அக்கா மேசைமேல் கிடந்த செய்தித்தாளை எடுத்துச் சட்டிக்கு மேலே விசிறினாள். எட்டு அசையாமல் நின்றது. அப்போது என் பக்கம் திரும்பினாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் வேகமாகப் பேசிக் கேட்டேன்.

"டேய், போன வாரம் புதன்கிழமை என் அட்டை நல்லா வந்துச்சே, அன்னைக்கு ஃபேன் ஓடுச்சா?"

ஓடியது. மீட்டருக்கு பேட்டரி தீர்ந்துபோனதால் அன்றைக்கு ஒருநாள் ஃபேன் ஓடியது. அன்று இருபது குண்டும் பாட்டில் மூடிக்குள் இருந்தன. இன்றைக்குக் கவனமாகச் சுட்டிருக்கீங்க என்று குழாய் சார் பாராட்டக்கூடச் செய்தார். தினமும் முதல் மூன்று குண்டு நன்றாக வந்ததும், பிறகு கெட்டதும், புதன்கிழமை மட்டும் கெடாததும், எல்லாம் நான் என் கையால் எழுதிய சீட்டிலேயே இருந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். கண் டாக்டர் வரைக்கும் அலைந்திருக்கிறேன்.

விஷயம் இவ்வளவுதான். குழாய் சூடாகிறது. அந்தச் சூட்டில் அதற்கு மேலே இருக்கிற காற்று நெளிகிறது. தொலைநோக்கி அந்தக் காற்றின் வழியாகத்தான் டார்கெட்டைப் பார்க்கிறது. அக்கா குறிவைத்தது இல்லாத இடத்தில் தெரிந்த ஒரு டார்கெட்டுக்கு. பிரேக் மூக்கு சூட்டை அப்போதைக்கு அப்போது வெளியே தள்ளிவிடும், ஃபேனும் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் இத்தனை வருடம் இந்தத் தொல்லை இல்லை.

"கிளப்புல சுடறவங்க ஃபேனை முதுகுல கட்டிக்கிட்டுப் போக முடியாது. குழாயைச் சுத்தி ஏதாவது போட்டு மூடணும். துணி வேணும்டா," என்றாள் அக்கா மறுநாள் கொட்டகையில்.

என்ன துணி என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் வாசலைத் தாண்டியிருந்தேன். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தேன். மாமா வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவருடைய கால்பந்து பனியன். ஒன்பதாம் நம்பர் அச்சடித்த அதன் கை, குழாய்க்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. கத்தரித்து மாட்டினேன். அக்கா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது நூல்தானா?" என்று கேட்டாள். எல்லாம் நூல்தான், சுடு என்றேன்.

ஏழு குண்டு அருமையாகப் போனது. எட்டாவதில் ஒரு நாற்றம் வந்தது. பத்தாவதில் புகை. பனியன் நைலான் சாதி போலிருக்கிறது, உருகிக் குழாயோடு ஐக்கியமாகிவிட்டது. சத்தம் அளக்க வந்த குழாய் சார் வாசலிலேயே நின்றுவிட்டார். அவருடைய கனவுக் குழாயின்மேல் நீல நிறத்தில் ஒரு பாகு வழிந்துகொண்டிருந்தது, அதன் நடுவே பாதி உருகிய ஒன்பதாம் நம்பர்.

"என் குழாய்!" என்றார். இருந்ததே இரண்டு குழாய். சனிக்கிழமை வாங்குகிறவர்கள் பார்க்க வருகிறார்கள். நேராக மேனேஜரிடம் போனார். மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு, அக்கா சொன்னதைக் கேட்டார், அக்கா வேகத்தில் கேட்கப் பொறுமை வேண்டும், கேட்டார். "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு. மிச்சம் இருக்கிற குழாய்ல, எல்லார் முன்னாலயும் இருபது குண்டு. சரியா வந்தா மேசை உங்களுக்கு. வரலன்னா இனிமே இதைப் பத்திப் பேசக் கூடாது," என்றார்.

என் மேல் எனக்கே ஆத்திரம். அக்காவின் வேலையை நானே உருக்கி ஊற்றிவிட்டேன் என்று நினைத்தேன். அக்கா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"ஏழாவது குண்டு வரைக்கும் டார்கெட் நெளியவே இல்லடா," என்றாள். முகம் மலர்ந்திருந்தது. "துணிதான் தப்பு. யோசனை தப்பில்ல."

அவளே நடந்து உலைப் பிரிவுக்குப் போனாள். அங்கே நெருப்பிலிருந்து இரும்பை எடுக்கிறவர்கள் முழங்கை வரைக்கும் ஒரு தடித்த கையுறை போட்டிருப்பார்கள். விரல் பகுதி கிழிந்துபோய் மூலையில் கிடந்த ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தாள். விரல்களை வெட்டியெறிந்துவிட்டு, மிச்சத்தைச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து ஊசியால் தைத்துச் சிறியதாக்கினாள். வீட்டில் மாமா தன் பனியனைத் தேடிக்கொண்டிருந்தார். காற்றில் பறந்திருக்கும் என்று அன்றைக்கு நான் சொல்லிவிட்டேன்.

மறுநாள் பத்து மணிக்குக் கொட்டகையில் நிற்க இடமில்லை. மேனேஜர், பேக்கிங் ஆட்கள், உலைக்காரர்கள், தான் இல்லாமல் எதுவும் நடக்காது என்று நினைக்கிற டீக்காரர். ஃபேன் நின்றிருந்தது. அக்கா உட்காரவில்லை.

"சார், முதல்ல நீங்க சுடுங்க," என்றாள் குழாய் சாரிடம். "மூடாம, வெறும் குழாயோட. பத்து விநாடிக்கு ஒண்ணு. உங்க கண்ணு சின்ன வயசுக் கண்ணு."

அவர் படிக்கிற காலத்தில் கிளப்பில் சுட்டவர்தான். தயங்காமல் உட்கார்ந்தார். நாலு குண்டு டக்டக்கென்று போனது. ஏழாவதில் முகத்தைத் தூக்கிக் கண்ணைக் கசக்கினார். ஒன்பதாவதில் மறுபடி தூக்கினார்.

"டார்கெட்டை யாராவது ஆட்டுறீங்களா?"

"ஆட்டுறவன் நான்தான் சார், நான் இங்க நிக்கிறேன்," என்றேன். மேடை கோணலா சார் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அக்கா என் காலை மிதித்தாள்.

இருபது முடிந்தது. நான் கொண்டுவந்த அட்டையில் அதே அம்மை. குழாய் சார் அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "ஆனா வைஸ்ல கட்டினப்ப நல்லா வந்துச்சே?" என்றார், யாரையோ கெஞ்சுகிற மாதிரி.

அக்கா ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். பாட்டிலை மூடினாள். "வைஸுக்குக் கண்ணு கிடையாது சார். அது டார்கெட்டைப் பாக்குறதே இல்ல. நம்ம பாக்குறோம்."

அவர் குழாயைப் பார்த்தார். அதற்குமேல் நெளிகிற காற்றைப் பார்த்தார். பிறகு திரும்பி, நின்றுபோயிருந்த ஃபேனைப் பார்த்தார். படித்தவர்தானே, சட்டென்று பிடித்துக்கொண்டார். "நிறுத்தச் சொன்னது நான்தான்," என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக, பழையபடி என் மனதில் அவரைக் கடவுள் பதவியில் உட்காரவைத்தேன்.

குழாய் ஆறும்வரை காத்திருந்து, அக்கா தன் கையுறையை மாட்டினாள். நான் புது அட்டை மாட்டப் போனேன். போகிற வழியில் சட்டைப் பை உறுத்தியது.

அக்கா சுடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எல்லாருக்கும் பத்து விநாடி ஓடிப்போகும், அவளுக்கு அது உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு குண்டுக்கும் மூச்சை விட்டாள், கண்ணை மூடினாள், திறந்தாள், பத்தாவது விநாடியில் சுட்டாள். பத்து போயிற்று. நாற்றம் இல்லை, புகை இல்லை. பதினைந்து. நான் உள்ளங்கையை நகத்தால் குத்திக்கொண்டிருந்தேன். பதினெட்டாவதற்கு முன் தோளை ஒருமுறை தளர்த்தினாள். பத்தொன்பது. இருபது. எழுந்திருக்காமல் ரைபிள்மேல் கையை வைத்தபடியே இருந்தாள்.

நான் நூறு மீட்டரும் ஓடினேன். திரும்பி வந்து அட்டையை மேனேஜர் கையில் கொடுத்தேன். இருபது குண்டும் பாட்டில் மூடிக்குள். மூடியை வைத்தே பார்த்தார், டீக்காரர் பாட்டிலோடு தயாராக இருந்தார். உலைக்காரர்கள் விசிலடித்தார்கள். அவர்களுடைய கையுறையாயிற்றே.

"ஆனா ஒண்ணு சார்," என்றாள் அக்கா, சத்தம் அடங்கியதும். "மூடினா காத்து நெளியாது, ஆனா சூடு உள்ளயே நிக்கும். இருபது சுட்டதும் உறையைக் கழட்டி நல்லா ஆற விடணும். அவசரப்படக் கூடாதுன்னு புத்தகத்துல எழுதுங்க." குழாய் சார் உடனே குறித்துக்கொண்டார். இப்போது குழாயோடு வருகிற விளக்கப் புத்தகத்தில் அந்த வரி இருக்கிறது. குழாயோடு ஓர் உறையும் வருகிறது, பேக்கிங் பிரிவுதான் அதை மடித்து வைக்கிறது.

கூட்டம் கலைந்தது. மேனேஜர் போகும்போது மேசையைத் தட்டி, "உங்களதுதான்ம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றோம். அக்கா துணியை எடுத்து மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள், நடுவில் நிறுத்தினாள்.

"டேய், அந்த லெட்டரைக் கொடுத்துட்டியா?"

"இல்ல."

"இத்தனை நாளா என்னடா பண்ணின? இப்ப எங்க இருக்கு?"

பையிலிருந்து எடுத்து நீட்டினேன். நாலாக மடித்தபடியே இருந்தது. அதன் நடுவில் பாட்டில் மூடி அளவுக்கு ஓர் ஓட்டை. டார்கெட் அட்டைக்குப் பின்னால், கறுப்பு வட்டத்துக்கு நேராக, நான்தான் அதைக் குண்டூசியால் குத்தி வைத்திருந்தேன்.

அக்கா அதைப் பிரித்தாள். ஓட்டை நாலாகியது. பேக்கிங் என்ற சொல் இருந்த இடத்தில் ஒன்று, அவள் கையெழுத்தில் ஒன்று. அந்த ஓட்டைகள் வழியாக மேசை தெரிந்தது. வழக்கம்போல அவசரமே இல்லாமல் முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், துடைக்கத் துடைக்க வந்தது.

"இப்பதான்டா உண்மையிலேயே கண்ணு தெரியல," என்றாள். "அடுத்த ரைபிளைக் கொஞ்ச நேரம் கழிச்சுக் கொண்டா."

அவளுக்காகக் காத்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது அன்றைக்கு ஒருநாள்தான். ஃபேனைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.